இரண்டு நாய்களும் ஒரு தொட்டிலும்

கீரிப்பிள்ளையின் கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இல்லை எனலாம். தாய் தண்ணீர் எடுக்கப் போகிறாள். தொட்டிலில் குழந்தை உறங்குகிறது. வீட்டில் வளர்ந்த கீரி காவல் இருக்கிறது. பாம்பொன்று ஊர்ந்து வர, கீரி அதைக் குதறிக் கொன்றுவிட்டு, வாயெல்லாம் இரத்தமாக வாசலுக்கு ஓடித் தாயை எதிர்கொள்கிறது. அவள் கண்டது இரத்தத்தை மட்டுமே. தலைக்குடத்தை அதன்மீது போட்டுவிட்டு உள்ளே ஓடுகிறாள். பஞ்சதந்திரத்தில் வரும் இக்கதையின் சுவடு நம் சிலப்பதிகாரத்திலும் உண்டு. கீரியைக் கொன்ற பழியால் கணவன் விட்டு நீங்கிப்போன ஒரு பார்ப்பனப் பெண்ணுக்குக் கோவலன் தன் பொருளைக் கொடுத்துப் பழி நீங்க உதவி, போன கணவனையும் அழைத்து வந்து சேர்த்துவைத்தான் என்று அடைக்கலக் காதையில் மாடலன் எடுத்துரைக்கிறான்.

இதே கதை கடல் கடந்தும் வழங்கியது என்பதை வாசகர்களில் சிலரே அறிந்திருப்பர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் லியோன் நகரை அடுத்த சிற்றூர்ப் பகுதியில், எத்தியேன் தெ பூர்போன் என்ற தோமினிக் சபைத் துறவி மறையுரை ஆற்றிவந்தார். நோயுற்ற தங்கள் குழந்தைகளைக் கின்போர் என்ற ‘புனிதரிடம்’ கொண்டுபோவதாக அவ்வூர்த் தாய்மார் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லக் கேட்டு, அப்புனிதர் யாரென விசாரித்தார். விசாரித்ததில் அது ஒரு வேட்டை நாய் எனத் தெரியவந்தது! தொட்டிலில் கிடந்த பிரபுவின் மகனைப் பாம்பிடமிருந்து காத்து, இரத்தம் தோய்ந்த வாயோடு நின்றமையால் எசமானரின் வாளுக்கு இரையான நாய். துறவியார் நாயின் எச்சங்களைத் தோண்டி எடுத்து எரிக்கச் செய்து, அங்கிருந்த தோப்பையும் அழிக்கச் செய்தார். நாய்க்கு வணக்கம் செலுத்துவதைத் தடுத்தது சரியே. அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் கீரி நாயாகி, காவிரிக்கரைக் கதை ரோன் நதிக்கரையிலும் வழங்கியது ஏன் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. தொட்டிலுக்கு அருகே ஒரு விலங்கு நிற்கும்போது மனிதருக்கு எழும் அச்சம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அந்த அச்சத்தில் எடுக்கும் முடிவு அவசர முடிவாகவே இருந்துவிடுகிறது.

எடப்பாடி வட்டாரத்தில் நாய் இல்லாத தோட்டத்தைக் காண்பது அரிது. சங்ககிரிச் சாலையிலும் கொங்கணாபுரத்துப் பக்கமும் ஆடு வைத்திருப்பவர்களுக்கு நாய்தான் இரவுக் காவல். ஊருக்குள்ளேயும், தறி ஓடும் வீடுகளில், நூலுக்கும் துணிக்கும் காவலாக ஒன்றிரண்டு நாட்டு நாய்கள் வாசலில் படுத்திருக்கும். அவற்றை யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. எங்கோ ஒரு நாய் குட்டி போடும். பிள்ளைகள் தூக்கி வருவார்கள். அதுவும் குடும்பத்தோடு வளர்ந்துவிடும். பிறகு அந்த வீட்டில் திருமணம் நடக்கும், மருமகள் வருவாள், வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவாள். அப்போதுதான் வீட்டுப் பெரியவர்கள் வாசலைப் பார்த்து, “இதுகளை என்ன செய்வது?” என்று கேட்கத் தொடங்குவார்கள்.

அக்கேள்வியோடு சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம்மிடம் வந்த குடும்பத்தைப் பற்றி இங்கு எழுத அவர்களே இசைந்தனர். பெயர் மட்டும் வேண்டாம் என்றனர். விசைத்தறி ஓட்டும் இளைஞர், ஓமலூர்ப் பக்கம் தாய்வீட்டில் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்த மனைவி, இளைஞரின் தாயார். வீட்டில் மணி, ராணி என்று இரண்டு நாய்கள். ஒரே ஈற்றில் பிறந்தவை; தாய் நாய் லாரியில் அடிபட்டபின் கண் திறந்த சில நாட்களிலேயே ஒரு சாக்கில் வந்து சேர்ந்தவை. ஐந்து ஆண்டுகளாக ஒரே தட்டில் தின்று, ஒரே சாக்கில் படுத்தவை. குழந்தை பிறந்து ஐந்தாம் மாதம் மருமகள் திரும்புவதற்குள் இரண்டையும் ‘எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்’ என்பது தாயாரின் கட்டளை.

அந்த அம்மையாரை நாம் அறியாமையில் பேசுகிறவராக எண்ணவில்லை. “எங்க ஊர்ல ஒரு பையன் தண்ணியைக் கண்டாலே அலறி அலறிச் செத்ததை நான் கண்ணால பார்த்தேனுங்க சாமி,” என்றார். அதைப் பார்த்தவர்களிடம் நாய் நன்றியுள்ள பிராணி என்று உபதேசம் செய்வது வீண். அந்நோய் வந்துவிட்டால் பிழைத்தவர் அரிதினும் அரிது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டினர். வெறி பிடித்ததெனச் சந்தேகிக்கப்படும் விலங்குகளால் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். தாயாரின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. குழந்தையின் பாதுகாப்பே முதலாவது என்பதிலும் நமக்கு ஐயமில்லை.

ஐயம் எழுந்தது ‘எங்காவது’ என்ற சொல்லில்தான். நம் பக்கத்தில் அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். நாயைச் சாக்கில் கட்டி, இரு சக்கர வண்டியில் வைத்து, நாலு ஊர் தள்ளிச் சந்தைத் திடலிலோ ஆற்றங்கரையிலோ இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவது. பிறகு என்ன நடக்கும்? ஒவ்வொரு தெருவும் ஏற்கெனவே அங்குள்ள நாய்களின் எல்லை. புதிதாக வந்த நாயை அவை கூடிக் கடித்து விரட்டும். கடிபட்ட நாய் பசியோடும் வலியோடும் திரியும். ஆண்டுதோறும் அதற்குப் போட்ட தடுப்பூசியும் நின்றுபோகும். நம் வீட்டுக் குழந்தைக்கு அஞ்சி நாம் இறக்கிவிட்ட நாய், கூலி வேலைக்குப் போன யாரோ ஒரு தாயின் குழந்தை விளையாடும் தெருவில் நிற்கிறது. ஆபத்து நீங்கவில்லை, ஏழை வீட்டு வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. இதை விளக்கிச் சொன்னபோது அந்த அம்மையார் வெகுநேரம் பேசவில்லை.

சட்டமும் இதைக் குற்றம் என்றே சொல்கிறது. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில், பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது தண்டனைக்குரியது. முதல் முறைக்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மிகாமலும்! 1960இல் ஐம்பது ரூபாய் பெரிய தொகை. இன்று அது ஒருவரின் காலைச் சிற்றுண்டிக்கே சரியாகப் போய்விடும். எனவே அபராதத்துக்கு அஞ்சி யாரும் நாயைக் கைவிடாமல் இருப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. உயிர்களிடத்து இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் நம் அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கலாம்.

இரண்டு நாய்களையும் வைத்துக்கொண்டே குழந்தையை வளர்க்க முடியாதா என்பதைத்தான் முதலில் ஆராய்ந்தோம். பல வீடுகளில் முடியும். நம் நாட்டு வழக்கமே அதற்குத் துணை செய்கிறது. மேல்நாடுகளில் பிள்ளைப்பேறு ஆன இரண்டொரு நாளில் தாயும் சேயும் நாய் இருக்கும் வீட்டுக்கே வந்துவிடுகின்றனர். நம் பெண்களோ தாய்வீடு போய், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ திரும்புகின்றனர். நாயைப் பழக்க இத்தனை மாத அவகாசம் வேறு எந்த நாட்டுக் கணவனுக்குக் கிடைக்கும்? நாய் உள்ளே வரக்கூடாத அறை எது என்பதை இந்த மாதங்களிலேயே பழக்கிவிட வேண்டும். குழந்தை வந்த அன்று முதன்முறையாக அடித்து விரட்டினால், இந்தப் புது உயிர் வந்ததால்தான் நமக்கு அடி விழுந்தது என்றே நாய் கற்றுக்கொள்ளும். தாய்வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் குழந்தையைச் சுற்றிய துணி ஒன்றைக் கொண்டுவந்து, நாய் முகர்ந்து பழகும்படி தூரத்தில் வைக்கலாம். வெறிநாய்த் தடுப்பூசியும் குடற்புழு நீக்க மருந்தும் நாள் தவறாமல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். நாயின் மலத்தோடு மண்ணில் கலக்கும் புழு முட்டைகள், தவழும் குழந்தையின் கைவழி வயிற்றுக்குள் போய்விடும் என்பதைப் பலர் அறிவதில்லை.

தொட்டிலைப் பற்றியும் ஒரு சொல். உத்திரத்தில் கட்டும் சேலைத் தூளி நம் வீடுகளில் பெரும்பாலும் நாயின் மூக்குக்கு நேராகத்தான் தொங்குகிறது. உள்ளே ஏதோ முனகுகிறது. தூளி முன்னும் பின்னும் ஆடுகிறது. ஆடும் பொருளைப் பாய்ந்து பிடிப்பது நாயின் பிறவிக் குணம். அதில் வன்மம் இல்லை. ஆகவே தூளி கட்டிய அறைக்குக் கதவு இருக்க வேண்டும். கதவுக்குத் தாழ் இருக்க வேண்டும். எவ்வளவு சாதுவான நாயாயினும் குழந்தையையும் அதையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடலாகாது. சிறு பிள்ளைகளைக் கடிப்பவற்றில் பெரும்பாலானவை தெருநாய்கள் அல்ல, அவர்களுக்கு நன்கு பழகிய நாய்களே என்று பல நாட்டு மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர்.

பிறந்த குழந்தையைவிடத் தவழும் குழந்தைக்கே இன்னும் அதிகக் கவனம் தேவை. ஏழெட்டு மாதத்தில் அது நாயின் தட்டைத் தேடிப் போகும், வாலைப் பிடித்து இழுக்கும், உறங்கும் நாயின்மேல் விழும். குழந்தை வந்த முதல் மாதம் நாய் ஒன்றும் செய்யவில்லை என்று நிம்மதி அடைந்துவிட்டவர்கள் இதை மறந்துபோகின்றனர். நாய் முகத்தைத் திருப்பிக்கொள்வது, உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடுவது, உடல் விறைத்து ஓரக்கண்ணால் பார்ப்பது ஆகியவை அதன் பொறுமை குறைவதன் அடையாளங்கள். அதற்கு அடுத்த படி உறுமல். உறுமிய நாயை அடிக்கவே கூடாது. அது நம்மை எச்சரிக்கிறது. எச்சரித்தால் அடி விழும் என்று கற்ற நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உடனே குழந்தையை எடுத்துக்கொண்டு விலகுவதே முறை.

நாயோடு வளர்வதில் நன்மையும் இருக்கிறது. பின்லாந்து நாட்டின் குவோப்பியோ நகரில் 397 குழந்தைகளை முதல் ஓராண்டு கவனித்து 2012இல் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், நாய் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்குச் சளியும் காது நோயும் குறைவாகவே வந்தன. அதிலும், நாளில் பெரும்பகுதியை வெளியே கழித்துவிட்டு வீட்டுக்குள் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகவே இருந்த நாய்களின் வீடுகளில்தான் பயன் அதிகம். நம் வாசல் நாய்களுக்கு இது பொருந்தும் போலும்! எனினும் பின்லாந்தின் வீடு வேறு, எடப்பாடியின் தறி வீடு வேறு என்பதையும் மறக்கலாகாது.

அந்தக் குடும்பத்தின் வீடு ஒரே நீண்ட அறை. பாதியில் தறி, மீதியில் சமையலும் படுக்கையும். கதவு போட்ட தனி அறை கிடையாது. தறி ஓடும் ஓசையில் குழந்தை அழுவதே கேட்காது. நாய் உறுமுவதா கேட்கப்போகிறது? கணவர் இரவு வேலை. தாயாருக்குக் கண்பார்வை மங்கல். ஐந்து வயது நாய்கள் இரண்டு, தவழப்போகும் குழந்தை ஒன்று, கண்காணிக்க ஓர் இளந்தாய். அங்கே நாய்களை வேறு இடத்தில் சேர்ப்பதே நன்று என்று நாமும் சொன்னோம். அதைப் பாவமென்று எண்ணி அந்த இளைஞர் கலங்கிக்கொண்டிருந்தார். அப்படி எண்ண வேண்டியதில்லை என்றோம். விலங்குகளை வீணாகத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு ஒவ்வாது என்றும், மனிதருக்கே உரிய அன்பை விலங்குகள்மேல் வைக்கலாகாது என்றும் 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் அடுத்தடுத்துக் கூறுகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கொடுப்பது என்று முடிவாயிற்று. யாருக்கு? சில நாட்களிலேயே ஒருவர் கிடைத்தார். ஆனால் அவர் கேட்டது ஒன்றை மட்டும். “ஆண் நாய் மட்டும் போதுங்க. பொட்டையை நாங்க எங்கே வெச்சுக்கிறது? ஆறு மாசத்துக்கொரு தரம் குட்டி போடும்.” நம் ஊர்களில் பெட்டை நாய்க்கு நேரும் கதி முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. சந்தை ஓரத்தில் கிடக்கும் குட்டிகளைப் பாருங்கள், பெரும்பாலும் பெட்டைகளே. மணியை அவர் அழைத்துப்போனார். ராணி வாசலில் படுத்தது. தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது. அங்கே மணி கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டு இரவெல்லாம் ஊளையிட்டது. நான்காம் நாள் அந்த நல்ல மனிதரே திருப்பிக் கொண்டுவந்து விட்டுப்போனார். அவரைக் குறை கூற ஏதுமில்லை. அக்கம்பக்கத்தார் உறங்க வேண்டுமே. மணி வாசலில் கால் வைத்ததும் ராணி எழுந்து வந்து அதை முகர்ந்துவிட்டு, நேரே தட்டுக்குப் போயிற்றாம்.

சேர்ந்து வளர்ந்த எல்லா நாய்களும் இப்படித்தான் என்று கொள்ளலாகாது. நம் பங்கிலேயே வேறொரு வீட்டில் இரு நாய்கள் இருந்தன. பெரியது சின்னதைத் தட்டருகே அண்டவிடாது. நிழலில் படுக்கவும் விடாது. பிரித்தபின் சின்ன நாய் கொழுத்துத் திரிந்தது. ஒரே கூரையின்கீழ் இருப்பது வேறு, ஒன்றையொன்று சார்ந்திருப்பது வேறு என்பது மனிதருக்கும் பொருந்தும் போலும். ஆகவே கொடுக்கும் முன் சோதித்துப் பார்ப்பது நன்று. ஒரு நாயை மட்டும் அரை நாள் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று, வீட்டில் இருப்பது உண்கிறதா, உறங்குகிறதா, வாசலையே பார்த்துக் கிடக்கிறதா என்று கவனிக்க வேண்டும். மறுநாள் மற்றதை அழைத்துச் சென்று அதேபோல் பார்க்க வேண்டும். இரண்டும் அமைதியாக இருந்தால் தனித்தனியே நல்ல வீடு கிடைப்பது சேர்ந்து மோசமான வீடு கிடைப்பதைவிட மேல். ஒன்றாவது வாடினால், இரண்டையும் ஒரே இடத்தில் சேர்க்க முயலவேண்டும். நாளானாலும் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இங்கே சொல்லத் தக்கது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், குட்டிப் பருவம் முதல் இணையாகவே வாழ்ந்த எட்டு நாய்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 1996இல் வெளியிட்டனர். புதிய இடத்தில் விடப்பட்டபோது, கூட இணை நாய் இருந்தும் அவற்றின் இரத்தத்தில் கலக்கத்தைக் காட்டும் சுரப்பு ஏறியது. பழகிய பராமரிப்பாளர் அருகில் இருந்தபோதோ ஏறவில்லை. இணையைச் சேர்த்து அனுப்பிவிட்டோம், இனி ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிட முடியாது என்பதே இதன் பொருள் என நாம் கொள்கிறோம். நாய் துணை தேடுவது நாயிடம் மட்டுமல்ல. தோபித்து நூலில் அந்த இளைஞனோடு நெடுவழி நடந்து, அவனோடே வீடு திரும்பும் நாயை எழுதியவர் இதை அறிந்தே எழுதியிருப்பார். ஆகவே நாய்கள் புது வீட்டுக்குப் போகும் முன், புது வீட்டார் நாய்களிடம் வரவேண்டும்.

இறுதியில் கைகொடுத்தவர் பூலாம்பட்டிப் பக்கம் காவிரியை ஒட்டிய ஊரில் இருந்த இளைஞரின் தாய்மாமன். மரவள்ளியும் நிலக்கடலையும் போட்டிருந்தார். முப்பது நாற்பது ஆடுகள். பழைய காவல் நாய் செத்துப்போயிருந்தது. அவருக்கும் பெட்டை வேண்டாம் என்ற எண்ணம்தான். அதற்கு ஒரு வழி உண்டு என்றோம். கால்நடை மருத்துவமனையில், நம் மக்கள் சொல்வதுபோல் மாட்டாஸ்பத்திரியில், மருத்துவரிடம் கேட்டு ராணிக்குக் கருத்தடை அறுவை செய்வித்தார்கள். இதற்கு வசதி இல்லாத இடத்தார் நாமக்கல்லில் 1985 முதல் இயங்கிவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். தையல் ஆறும்வரை பத்துப் பன்னிரண்டு நாட்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். குட்டி போடாது என்று தெரிந்ததும் மாமனின் மறுப்பு நீங்கியது. பெட்டை நாயைக் கொடுக்க எண்ணும் ஒவ்வொரு குடும்பமும் முதலில் செய்யவேண்டியது இதுவே. பாதி மறுப்புகள் இதிலேயே தீர்ந்துவிடும்.

மாமன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எடப்பாடிக்கு வந்து, தம் கையாலேயே இரண்டுக்கும் சோறு வைத்தார். மூன்றாம் ஞாயிறு இளைஞர் நாய்களை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், மாலைவரை இருந்துவிட்டு, இரண்டோடும் திரும்பினார். அதற்கடுத்த வாரம் விட்டுவந்தார். கூடவே அவை படுத்த பழைய சாக்கு, தின்ற அலுமினியத் தட்டு, கழுத்துக் கயிறு எல்லாம் போயின. புதுச் சாக்கு வாங்கித் தருவதாகத் தாயார் சொன்னாராம். துவைக்காத பழையதே வேண்டும் என்று நாம்தான் தடுத்தோம். சாக்கின் நாற்றத்தில்தான் அவற்றுக்கு வீடு இருக்கிறது. முதல் இரண்டு வாரம் இரவில் அவிழ்த்துவிடாமல், ஒன்றுக்கொன்று எட்டும்படி பக்கத்தில் பக்கத்தில் கட்டி, பகலில் கயிறோடு தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார்கள். உடனே அவிழ்த்துவிட்டால் பழைய வீட்டைத் தேடி நெடுஞ்சாலையில் நடக்கத் தொடங்கிவிடும். அப்படி லாரிக்கு இரையான நாய்கள் எத்தனையோ. ஆடுகளோடு விடும் முன் சில நாட்கள் வேலிக்கு வெளியிலிருந்தே ஆடுகளைப் பார்க்கவிட்டதும் நல்ல யோசனை, அது மாமனுடையது.

இளைஞர் எப்போது அவற்றைப் போய்ப் பார்ப்பது என்பதில் வீட்டில் ஒரு சிறு வழக்கு நடந்தது. மறுநாளே போகவேண்டும் என்று அவர் துடித்தார். மூன்று வாரமாவது கழியட்டும் என்றோம். பழகத் தொடங்கும்போது பழைய எசமானர் வந்து, மீண்டும் விட்டுப்போனால் பிரிவு இரட்டிப்பாகும். அவர் பொறுத்துக்கொண்டார், தொலைபேசியில் மட்டும் தினமும் விசாரித்தார் என்று தாயார் பின்னர் நகைத்துச் சொன்னார்.

நாய் வளர்க்கும் குடும்பத்தாருக்கு, அவற்றைக் கொடுத்தாலும் வைத்துக்கொண்டாலும், சொல்லியே தீரவேண்டியது ஒன்றுண்டு. குழந்தையை நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் ஒன்றும் வைக்கக்கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சத்தால் இன்றும் சிலர் போகத் தயங்குகின்றனர். அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004இன் இறுதியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் மேற்கையின் தோலில் போடும் சிறு ஊசிதான். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என நான்கு முறை போனால் போதும். இரத்தம் வந்த காயத்துக்கும், முகத்திலோ தலையிலோ பட்ட கடிக்கும், காயத்தைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்புச் சீரமும் உடனே தேவை. 1885 ஜூலையில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப்பு மெய்ஸ்தருக்கு முதன்முதலாகப் போட்ட ஊசியின் வழிவந்த மருந்து இது. நம் குன்னூரிலேயே 1907 முதல் அவர் பெயரில் ஒரு நிறுவனம் இருக்கிறது. கடித்தது நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானே என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நாயைக் கொடுக்கும்போது அதன் தடுப்பூசி அட்டையையும் கொடுத்தனுப்ப வேண்டும். அடுத்த ஊசி எந்த மாதம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அத்தோடு, வைத்துக்கொள்ள இயலாமல் போனால் தெருவில் விட்டுவிடாமல் எங்களிடமே திருப்பித் தரவேண்டும் என்பதையும் நாணாமல் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அந்த இளைஞரும் தாய்மாமனிடம் இதைச் சொல்லத்தான் சொன்னார். “திருப்பித் தர்றதுக்கா இத்தனை வாரம் வந்து சோறு போட்டேன்? அது கிடக்குது மாப்பிள்ளை, வருசா வருசம் ஊசிக்கு மட்டும் நீயே வந்து கூட்டிக்கிட்டுப் போயிரு. ரெண்டையும் ஒண்ணா வண்டியில ஏத்த என்னால ஆகாது,” என்று விடை வந்ததாம்.